எதிர்க்கடையில் அஷ்டகலசம்

மருந்துக்கடைக்காரனுக்குத் தெருவில் உள்ள அத்தனை பேரின் வியாதியும் தெரியும்; அவனுடைய வியாதி மட்டும் எதிர்ச்சாரியில் இன்னொருவன் கடை திறக்கும்போதுதான் தெரியவரும்.

எனக்கு அது மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் வந்தது. பல வருஷமாக என் கவுன்ட்டருக்கு வெளியே தோல் பையோடு "அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று காத்துக் கிடந்த மெடிக்கல் ரெப் மோகன், வேலையை விட்டுவிட்டு எனக்கு நேர் எதிரே சத்து மாத்திரைக் கடை திறந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, வருகிறவர்கள் உட்கார நாற்காலி. என் கடையில் பார்மசி சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்; ஒருவரும் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவன் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டான், பாதித் தெரு அவனை டாக்டர் என்கிறது. எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே பிழைப்பு நடத்தியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

எட்டுக் கலசம்

வழக்கமாகச் சர்க்கரை மாத்திரை வாங்கும் மாமி ஒருவர் ஒருநாள் வந்து, அஷ்டகலசம் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் ஏதோ ஹோமம் என்று நினைத்துக்கொண்டு, மாட வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு வழி சொன்னேன். எட்டும் ஒரே அளவில் அங்கேதான் கிடைக்கும் என்று வேறு சொன்னேன். மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்புறம்தான் விளங்கியது. மோகன் கடைக் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்த 'அஸ்ட்ராகலஸ்' மயிலாப்பூர் வாய்க்குள் புகுந்து அஷ்டகலசமாக வெளியே வந்திருக்கிறது. சீனாவிலும் மங்கோலியாவிலும் விளையும் ஒரு செடியின் வேர் அது. நம் அவரைக்காய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம். கலசம் என்று பேர் வந்ததும், சித்தர்களே அரைத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. மோகன் யாரையும் திருத்தவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் திருத்தியிருக்க மாட்டேன், எனக்கு எரிச்சலே அதுதான். இது சீனத்து வேர் என்று மாமியிடம் விளக்கினேன். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்களண்ட இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்கோ. அதுக்காக சீனாவுக்கெல்லாம் ஏன் போறேள்?"

விஷமாக இருக்கக் கூடாதா

அன்று முதல் அந்த வேரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அறிவுத் தாகம் ஒன்றுமில்லை. விஷம் என்று எங்கேயாவது எழுதியிருக்காதா என்ற நப்பாசைதான். சீன வைத்தியத்தில் காலங்காலமாக இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்கிறார்கள், அசதிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்துவிடுகிறார்கள். நல்லது என்றால் நானும் வாங்கி அடுக்கியிருப்பேன். கெட்டது என்றால் தெருமுனை வரை போய்ச் சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ ஸ்டாண்டு ஏழுமலை வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எதிர்க்கடை வேர் மாத்திரைதான் காரணம் என்றார். துருவிக் கேட்டால், இதைச் சாப்பிடும்போது தண்ணி அடிக்கக் கூடாது என்று மோகன் சொன்னானாம், இவரும் நிறுத்திவிட்டாராம். இதே ஏழுமலையிடம் குடியை விடச் சொல்லி நான் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் தலையை நன்றாக ஆட்டிவிட்டு நேரே எங்கே போனார் என்பதும் எனக்குத் தெரியும். உடம்பு தேறியது வேரால் இல்லை, குடியை விட்டதால்தான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நான் சொன்னபோது ஏன் கேட்கவில்லை என்றும் கேட்டுவிட்டேன்.

"நீ சும்மா சொன்ன சார். அவரு காசு வாங்கிக்கினு சொன்னாரு."

துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால்

வீட்டில் பெருங்காய டப்பாவைத் தேடியபோது, துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால் மோகன் கடை வேர் மாத்திரையின் பச்சை மூடி பாட்டில் நின்றது. நான் கடையிலிருந்து சும்மா கொண்டுவந்து கொடுக்கும் சத்து மாத்திரையைத் தொட்டுக்கூடப் பார்க்காத என் மனைவி கோமதி, எதிர்க்கடைக்குப் போய் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள். துரோகம் என்று நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். அவள் தாளிப்புக் கரண்டியைக் கீழே வைக்காமல், திரும்பியும் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"அங்க உக்கார வச்சு, ராத்திரி தூக்கம் வருதாம்மான்னு கேட்டாங்க. நீங்க கேட்டு எவ்ளோ நாளாச்சு?"

ஸ்டெல்லா டீச்சர்

இதுவரை சொன்னது என் மானப் பிரச்சினை. இது அப்படி இல்லை. சாந்தோமில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், என் பழைய வாடிக்கை. அவர் உடம்பில் வேலை செய்வது அவருடைய தம்பி கொடுத்த சிறுநீரகம். வெளியிலிருந்து வந்ததை உடம்பு விரோதியாக நினைத்துத் தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை மாதாமாதம் என்னிடம் வாங்குகிறார். அன்று அதற்காகப் பையைத் திறந்தபோது உள்ளே பச்சை மூடி எட்டிப் பார்த்தது. கிட்னிக்கு நல்லது என்று எதிர்க்கடையில் எழுதிப் போட்டிருந்ததாம். இன்னும் பிரிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை கண்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறாராம்.

ஒரு மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிறது, இன்னொன்று அதைக் கிளப்பிவிடும் என்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது தம்பி கொடுத்த சிறுநீரகம். இதைத் தொடாதீர்கள், முதலில் உங்கள் கிட்னி டாக்டரைக் கேளுங்கள் என்றேன். படித்ததையெல்லாம் கொட்டினேன். ஆனால் மாமியிடம் சீனாவைப் பற்றிப் பேசிய அதே குரல்தான் எனக்கே கேட்டது. டீச்சர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, பை ஜிப்பை இழுத்து மூடினார்.

"உங்களுக்கு எதிர்க்கடைத் தம்பியைக் கண்டா ஆகாதுன்னு தெருவுக்கே தெரியும் சார். அதுக்கு என் கிட்னியை இழுக்காதீங்க."

நாற்காலி

கடையை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்தேன். அவன் கடைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஏசி சுகமாக இருந்தது, அதுவும் வலித்தது. மோகன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. டீச்சர் விஷயத்தைச் சொன்னேன். பதற்றத்தில் என் வாயிலும் அஷ்டகலசம் என்றுதான் வந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று அவன் கேட்டிருக்கிறான், ஒன்றுமில்லை என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. மாதா கிருபையில் ஆபரேஷனோடு வியாதி போய்விட்டது என்பதுதான் டீச்சரின் நினைப்பு. தினமும் என்னென்ன மாத்திரை விழுங்குகிறீர்கள் என்று இவன் கேட்கவில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன் என்று அந்த நிலையிலும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அவன் போனை எடுத்தான். என் பெயரை மட்டும் சொல்லாதே என்றேன். சொன்னால் டீச்சர் நம்பமாட்டார், பாட்டிலைப் பிரித்துவிடுவார். அவன் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டான், பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றான், டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள் என்றான். எல்லாம் நான் சொன்ன அதே வார்த்தைகள். அந்தப் பக்கம் டீச்சர் ஒரு எதிர்க் கேள்விகூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, மோகன் நாற்காலியை மறுபடியும் என் பக்கம் தள்ளினான்.

"இப்பவாவது உக்காருங்கண்ணே. உங்க கவுன்ட்டருக்கு வெளிய நான் எத்தனை வருஷம் நின்னேன்."

அடுத்த மாதம்

டீச்சர் வழக்கமான மாத்திரைக்கு வந்தார். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறதாம். அந்த வேர் வேண்டவே வேண்டாம் என்று கிட்னி டாக்டரும் சொல்லிவிட்டாராம். எனக்கு மனசு நிறைந்தது, நிஜமாகத்தான். நான்தான் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், படியிறங்குமுன் எதிர்க்கடையை ஒரு முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தம்பி தானா போன் பண்ணி, வித்ததைத் திருப்பி வாங்கிக்கிட்டார் சார். நீங்களும் இருக்கீங்களே."

ஊரார் வயிற்றெரிச்சலுக்கு அலமாரி நிறைய மருந்து வைத்திருக்கிறேன், என் வயிற்றெரிச்சலுக்கு அதில் ஒன்றும் கேட்பதில்லை.