ஜெர்மனிக்குப் போன மொட்டை

விசா வந்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டது நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை. மகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளைப் பார்க்க நான் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது தடவை போட்டபோது, புத்தூர் வீட்டு சாமி அலமாரி முன்னால் நின்று, "பெருமாளே, இந்த வாட்டி குட்துட்டா என் முடி உன்னுது" என்று சொல்லிவைத்தேன். பத்தே நாளில் விசா வந்துவிட்டது. அவர் இவ்வளவு வேகமாக வேலை பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நானும் வீட்டுக்காரரும் திருமலைக்குப் போனோம். அவருக்கு மலைப்பாதையில் ஏழாவது வளைவுக்குள் வாந்தி வந்துவிடும். என்னோடு ஜெர்மனிக்கு வராததற்கும் அதுவே காரணம். பஸ்ஸிலேயே இப்படி என்றால் விமானத்தில் யார் பையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது?

மேலே போனதும் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "பூமுடி குட்தா போதும்மே. ஊரு விட்டு ஊரு போற, யோசிச்சிக்க."

"முடி தரேன்னு சொல்லிட்டு மூணு மயிர் குட்தா, அது ஏமாத்து வேலை" என்றேன். நான் கணக்கு டீச்சர். பின்னத்தையெல்லாம் முழு எண் என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

முடி எடுக்கிற மண்டபத்தில் கத்தியோடு உட்கார்ந்திருந்த அம்மாவும் அதையேதான் தெலுங்கில் கேட்டாள். "குண்டா, மூடு கத்தெர்லா?" மொட்டையா, பேருக்கு மூணு கத்தரியா? குண்டு என்று சொல்லித் தலையைக் குனிந்தேன். ஐந்து நிமிஷத்தில் முப்பது வருஷத்துப் பின்னல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மகளுக்கு வீடியோ போட்டேன்.

"அம்மா! இன்னா பண்ணிக்கினு வந்து நிக்கிற? இங்க இன்னா குளிரு தெரியுமா?"

"வேண்டுதலைடி."

"நைனா எங்க? போனை அவருகிட்ட குடு."

அவளுடைய நைனா அதற்குள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தார்.

நான் போய்ச் சேரும் நாளில் மகளுக்குப் பரீட்சை. அதனால் ஃபிராங்பர்ட்டில் இறங்கி, நானே ரயில் பிடித்து மூன்று மணி நேரம் போக வேண்டும். சென்னை விமான நிலையத்து அதிகாரி, பாஸ்போர்ட்டில் பின்னலோடு இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திருப்பதியா மேடம்?" என்று கேட்டு முத்திரை குத்திவிட்டார்.

ஃபிராங்பர்ட் அதிகாரி அப்படி இல்லை. படத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது.

"தனியாகவா வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தனியாத்தான். மகளைப் பார்க்கணும். பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் எச்சில் விழுங்கினார். "உங்களுக்கு எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும்" என்றார். ஜெர்மன்காரர்கள் கறாரானவர்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் ஒரு பெண் சக்கர நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிற அம்மாக்களுக்கெல்லாம் பிள்ளைகள் இதை ஏற்பாடு செய்துவிடுவார்கள், முழங்கால் நன்றாக இருந்தாலும். மகள்தான் சொல்லிவைத்திருப்பாள் என்று ஜம்மென்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். ரயிலடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. ஆனால் நான் ஏறியதும் கூட்டம் தானாக விலகியது. தாடி வைத்த ஓர் ஆள், நாற்பது வயதிருக்கும், ஊறுகாயும் இட்லிப் பொடியும் அடைத்த என் இருபத்துமூணு கிலோ பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கி வைத்தார். தன் சீட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். யாரோ ஒரு பெண்மணி எங்கிருந்தோ சூடாக டீ வாங்கிவந்து நீட்டினாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக்கூட இவ்வளவு மரியாதை நடக்காது. நானும் காலை நீட்டிக்கொண்டு, என்ன நாடு, என்ன ஜனங்கள் என்று டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி போனதும் தாடிக்காரர் குனிந்து மெல்லச் சொன்னார். "என் அம்மாவுக்கும் இருந்தது. ஐந்து வருஷமாகிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். என்ன இருந்தது என்று விளங்கவில்லை. நன்றாக இருக்கிறாரே, அது போதும்.

"உங்களுக்கு கீமோ எல்லாம் முடிந்துவிட்டதா?"

அப்போதுதான் விளங்கியது. அதிகாரி எச்சில் விழுங்கியது, சக்கர நாற்காலி, டீ, நான் உட்கார்ந்திருந்த சீட்டு, எல்லாம் ஒரே நொடியில் வரிசைகட்டி வந்து நின்றன.

பள்ளிக்கூடத்தில், வயிற்று வலி என்று பொய் சொல்கிற பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவள் நான். இருபது வருஷ அனுபவம். அந்த நானே சீட்டைப் பார்த்தேன், நெருக்கியடித்து நிற்கிறவர்களைப் பார்த்தேன். இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

"ஃபினிஷ்ட்" என்றேன். மொட்டை அடித்து முடிந்ததுதானே? அதுவரைக்கும் பொய் இல்லை.

எதிர் சீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் நீலத் துணி கட்டியிருந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் கையை உயர்த்தி முடிச்சை அவிழ்த்தாள். துணிக்கு அடியில் ஒரு முடி இல்லை. புருவமும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முன்னால் சாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது" என்றாள்.

டீயைக் கீழே வைத்தேன்.

"மேடம்," என்றேன், "எனக்கு ஒரு நோயும் இல்லை. முடியை சாமிக்குக் குடுத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. என் ஆங்கிலமும் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. போனை எடுத்து, திருமலையில் எடுத்த படத்தைக் காட்டினேன். நானும் வீட்டுக்காரரும் முன்னால் நிற்கிறோம், என் தலையில் சந்தனம். எங்களுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டைத் தலைகள். பெண்கள், குழந்தைகள், மீசைக்காரர்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! இவர்கள் எல்லோருக்குமா?"

"இல்லை, இல்லை! எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க. நெனச்சது நடந்தா சந்தோஷத்துல குடுப்பாங்க."

"உங்களுக்கு என்ன நடந்தது?"

இதைச் சொல்லாமல் தப்பிக்க வழியிருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்தேன். இல்லை.

"உங்க நாட்டு விசா கிடைச்சுது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே ஜெர்மன் மொழியில் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். சிரிப்பு அந்த ரயில் பெட்டி நெடுகப் போய்த் திரும்பி வந்தது. நீலத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விண்ணப்பத்தில் தலைமுடி என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்ன?" என்று கேட்டாள்.

நான் எழுந்து நின்றேன். தாடிக்காரரைப் பார்த்து, "உட்காருங்க. எனக்கு நல்லா நிக்க வரும்" என்றேன்.

அவர் தலையாட்டி மறுத்தார். "கால் பழகிவிட்டது. நீங்கள் உட்காருங்கள்."

வெட்கம் தாங்காமல் கைப்பையிலிருந்து திருப்பதி லட்டை எடுத்து உடைத்து எல்லோருக்கும் கொடுத்தேன். தாடிக்காரர் லட்டிலிருந்த பச்சைக் கற்பூரத்தைக் கடித்துவிட்டு, மருந்து சாப்பிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, அருமை என்றார். எதிர் சீட்டுக்காரி என் தலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். நானும் அவள் தலையைத் தொட்டேன். என் தலை நாலு நாள் முளைப்பில் சொரசொரவென்று இருந்தது. அவளுடையது பலமனேர் தக்காளிபோல் வழவழவென்று இருந்தது.

"நீங்கள் இப்போதே முந்திவிட்டீர்கள்" என்றாள். "எனக்கு முளைக்க ஆரம்பிக்கட்டும். யார் ஜெயிக்கிறோம் என்று பார்ப்போம்." நம்பர் வாங்கிக்கொண்டாள். நான் இறங்கும்போது தன் பையிலிருந்து ஒரு கம்பளிக் குல்லாயை எடுத்து என் தலையில் மாட்டி, காது வரைக்கும் இழுத்துவிட்டாள். "உங்கள் சாமி எங்கள் ஊர்க் குளிரை ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்."

தாடிக்காரர் இறங்கி, பெட்டியை, பரீட்சை முடித்து நேரே ஸ்டேஷனுக்கு வந்திருந்த மகளின் காலடியில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் ஜன்னலாகக் கை ஆடியது.

"இன்னாம்மா பண்ண?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. ரயில்ல வந்தேன்."

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், நோயாளி என்று நினைத்துத்தானே செய்தார்கள் என்பார். சீட்டு கொடுத்தது அப்படித்தான். ஆனால் அந்தப் பெட்டி இறங்கியது, எனக்கு ஒன்றுமில்லை என்று ரயிலுக்கே தெரிந்த பிறகு. திடகாத்திரமான ஒரு பொம்பளைக்காக இருபத்துமூணு கிலோவைத் தூக்கினார் அந்த மனுஷன். அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. "ஃபினிஷ்ட்" என்ற அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மற்றதை நினைத்தால் மனசு நிறைந்துவிடுகிறது.

போட்டி நடந்தது. மாசம் பிறந்ததும் அந்த நீலத் துணிக்காரி தன் தலையைப் படமெடுத்து அனுப்புவாள், நானும் அனுப்புவேன். சக டீச்சர்கள்தான் நடுவர்கள். அவளுக்கு முதலில் கோழிக்குஞ்சு மாதிரி பூனைமுடி வந்தது, அப்புறம் சுருட்டை. எனக்குப் போன முடியைவிட நரை அதிகமாக வந்தது. ஒரு தடவை மாசம் பிறந்தும் அவளிடமிருந்து படம் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று. என்னவென்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் மதியம் படம் வந்தது. சலூன் நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருந்ததே இரண்டு அங்குலம். அதையும் காசு கொடுத்து வெட்டிக்கொண்டு, ராணி மாதிரி சிரிக்கிறாள்.

"திருடி! பதினோரு நாளா என் உசுரை வாங்கிட்டு, சலூன்ல போய் உக்காந்துக்கினு இருக்கா!" என்று கத்திவிட்டேன். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றேன். இது செல்லாது, வெட்டினவர்கள் தோற்றவர்கள் என்று அவளுக்கு எழுதிப் போட்டேன். சிரிக்கிற மூஞ்சியாக ஏழு அனுப்பினாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆறாவது பீரியடுக்குப் போனேன்.