வாய் திறக்க வைத்த அக்கா

பல் மருத்துவக் கல்லூரியின் சம்பளப் பட்டியலில் அவருடைய வேலைக்குக் கள உதவியாளர் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே ஆள் யாரென்று தெரியாது. ‘ஆ அக்கா’ என்று கேட்டால் போதும், கேன்டீன்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து வழி காட்டுவார்.

பெயர் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பரிசோதனை நாற்காலியில் யாராவது உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், அக்கா எதிரே நின்று, தானே முதலில் வாயை அகலமாகத் திறந்து “ஆ” என்பார். கொட்டாவி தொற்றுவதுபோல எதிராளியின் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். மூடலாமா என்று அவர் யோசிப்பதற்குள் பல் பார்க்கும் டாக்டரின் குட்டிக் கண்ணாடி உள்ளே போயிருக்கும்.

அந்தக் கல்லூரியின் பேராசிரியைக்கு ஒரே ஒரு கேள்விதான். எந்த மக்களுக்கு வாயில் என்ன கோளாறு, அது ஏன் அவர்களுக்கு மட்டும் வருகிறது? அதற்காகவே அவர் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு சிறைச்சாலை, முதியோர் இல்லம், மிட்டாய்த் தொழிற்சாலை என்று அலைந்தார். டாக்டர்கள் ஒவ்வொரு பல்லையும் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார்கள். அக்கா குறித்துக்கொள்வார். ஆனால் அவருடைய உண்மையான வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். நோகாமல் நொடியாமல் இருப்பவனைப் பல் டாக்டர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பதைவிடச் சிரமமான காரியம் உலகத்தில் உண்டா?

முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவருக்குப் பொக்கை வாய். இவரை விட்டுவிடலாம் என்று இளம் டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன், எனக்கு வாய் இல்லையா?”

“பல்லு இல்லையே தாத்தா.”

“இல்லேன்னு எழுதிக்கோ. நானும் கணக்குல வரணும்.”

அக்கா அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்கார வைத்தார். பெரியவர் ராஜா மாதிரி வாயைத் திறந்தார். வெறும் ஈறைப் பார்த்து இளம் டாக்டர் கடைசிவரை எண்களைச் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. பேராசிரியைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருந்தாலும், “அவர் சொன்னதுதான் சரி. இல்லைங்கறதும் ஒரு பதில்தான்” என்றார்.

அக்கா இந்த வேலைக்குப் படித்து வந்தவரல்ல. பள்ளிப் படிப்பு முடிந்த வருடம் ஓடும் பேருந்தில் ஏறப்போய் விழுந்து, மேல் வரிசையில் முன்பற்களைப் பறிகொடுத்தவர். அதன் பிறகு ஒரு வருடம் அவர் வாயில் கை வைக்காமல் பேசியதில்லை. அம்மா எவ்வளவு கெஞ்சியும் விசேஷ வீடுகளுக்குப் போகவில்லை. கடைசியில் இதே கல்லூரியில் கழற்றி மாட்டும் பல்செட் செய்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்த அன்றே, “இங்க ஏதாவது வேலை கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டார். முதலில் டோக்கன் கூப்பிடுகிற வேலை. குரல் நன்றாக இருந்தது, முகம் அதைவிட நன்றாக இருந்தது. பேராசிரியை கூடவே அழைத்துக்கொண்டார்.

பேட்டரி கம்பெனிக்குப் போனபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது.

அந்தக் கம்பெனியில் ஆசிட் ரூம் என்று ஒன்று உண்டு. ஆசிட் தொட்டிகளில் பேட்டரித் தகடுகளை வரிசையாக வைத்து மின்சாரம் ஏற்றுகிற கூடம். உள்ளே காலெடுத்து வைத்ததுமே ஆசிட் ஆவியில் தொண்டை கரகரக்கும், கண் எரியும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு முன்பற்கள் மட்டும் ஏன் தேய்ந்துபோகின்றன என்பதுதான் பேராசிரியையின் சந்தேகம். நிர்வாகம் சுலபமாக அனுமதி கொடுத்தது. புளிப்பும் குளிர்பானமும் சாப்பிட்டுத்தான் பல் போகிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

கேன்டீனில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு விளக்கு பொருத்தியாயிற்று. ஒருவரும் வரவில்லை. டீ குடித்தார்கள், ஓரக்கண்ணால் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். பல் கெட்டுப்போனது தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு பரவியிருந்தது.

ஆசிட் ரூமின் மேஸ்திரிக்கு மேலுதட்டை முழுக்க மூடும் மீசை. எல்லோரும் அவரை ‘மீசை’ என்றே அழைத்தார்கள். அவர் தலையசைத்தால்தான் அந்தக் கூடத்தில் ஒரு காரியம் நடக்கும். அக்கா டீ கிளாஸோடு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணே, ஒரு நிமிஷம் வந்து உட்கார்ந்தீங்கன்னா மத்தவங்களும் வருவாங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கல்லைக் கடிப்பேன்.”

“கடிக்க வேண்டாம். காட்டினா போதும்.”

“வாயைக் காட்டறதுக்கு நான் என்ன மாடா, சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்கறதுக்கு?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரித்தார்கள். அக்கா அதைப் பார்த்தார். அந்தக் கை போகிற வழி அவருக்குத் தெரியாததா?

டீ கிளாஸைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்தார். பல்செட்டைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. காற்று புகுந்து சொற்கள் வழுக்க, “இது என்னோடது அண்ணே. இப்பப் பார்த்துக்கிட்டீங்க இல்ல? எனக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்கும் ஆகாது” என்றார்.

மேஸ்திரி அவரையே பார்த்தார். பிறகு எழுந்து, நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இளம் டாக்டர் அந்த மீசையை மெல்ல ஒதுக்கிப் பார்த்தார். முன்பற்கள் பாதிக்கு மேல் கரைந்திருந்தன. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும் என்றும், வருடக்கணக்காக வெந்நீர்தான் குடிப்பதாகவும் அவர் அப்புறம்தான் சொன்னார். அவர் மனைவிக்கே அது தெரியாதாம்.

அன்று மாலைக்குள் ஆசிட் ரூம் முழுக்க வரிசையில் நின்றது.

பாதி வேலை முடிந்த நிம்மதி எல்லோருக்கும். ஆனால் பேராசிரியை விடவில்லை. “இவங்க பல்லு தேய்ஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இதே கேன்டீன்ல சாப்பிட்டு, இதே குவார்ட்டர்ஸ்ல இருக்கற பேக்கிங் செக்‌ஷன் ஆட்களையும் பார்க்கணும். வலி இருக்கறவங்க மட்டும் வந்தா கணக்கு கோணலாயிடும். நல்லா இருக்கறவங்களும் வரணும்” என்றார்.

நல்லா இருக்கிறவர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. பேக்கிங் செக்‌ஷன்காரர்களுக்கு ஆசிட்டும் இல்லை, கூச்சமும் இல்லை, நேரம்தான் இல்லை. அக்கா விடுமுறை நாட்களில் குவார்ட்டர்ஸ் மாடிப்படிகளை ஏறி இறங்கினார். கதவைத் தட்டினால் உள்ளே டிவி சத்தம் நிற்கும். ஆள் இல்லாத மாதிரி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா படியிலேயே உட்கார்ந்துவிடுவார். காய்கறி வாங்க அவர்கள் எப்படியும் வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

அப்படிச் சிக்கிய ஒருவன், புதிதாகக் கல்யாணமானவன், வாசலை மறித்துக்கொண்டு நின்றான். “அக்கா, என் பல்லு முத்து மாதிரி இருக்கு. எதுக்கு வீணா?”

“முத்து மாதிரி இருக்கறதாலதான்ப்பா நீ வேணும். மேஸ்திரி அண்ணன் பல்லு ஏன் போச்சுன்னு சொல்றதுக்கு உன் பல்லுதான் சாட்சி. நீ வரலேன்னா அவர் ஐஸ் தின்னு கெடுத்துக்கிட்டாருன்னு சொல்லிடுவாங்க.”

அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். அவன் மனைவி செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். “போயிட்டு வாங்க. முத்தா சிப்பியான்னு நானும் தெரிஞ்சுக்கறேன்” என்றாள்.

வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது கம்பெனியின் அதிகாரி அக்காவைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டார், குளிர்பானம் வரவழைத்தார்.

“ஆசிட் ரூம்ல யார் யாருக்குப் பல்லு ரொம்ப மோசம்னு பேரு மட்டும் சொல்லுங்கம்மா. அவங்க நல்லதுக்குத்தான். வேற வேலைக்கு மாத்திடுவோம்.”

மாற்றினால் நல்லதுதானே என்று அக்காவின் ஒரு மனம் சொன்னது. முன்பு அப்படி மாற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தது இன்னொரு மனதில் ஓடியது. அவர்கள் வீட்டுக்குத்தான் போனார்கள்.

“சார், யாரோட பேரும் வெளிய போகாதுன்னு சொல்லித்தான் அவங்களை உட்கார வச்சேன். அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கறதுதான் என் வேலை. என் வாயை யாரும் திறக்க வைக்க முடியாது.”

குளிர்பானத்தைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டார். மறுநாள் அனுமதி ரத்தாயிற்று. உதவியாளர் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்று கல்லூரிக்குப் புகாரும் போயிற்று.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர், வாயாடி. அன்று குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, “நீ சொன்னது சரிதான். வேலை போனா என் பஸ்லயே ஏறிக்கோ. ஓடறப்ப மட்டும் ஏறாதே” என்றார். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பேராசிரியை புகாரைப் படித்துவிட்டு அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். “பேரைச் சொல்லியிருந்தாதான் நான் புகார் கொடுத்திருப்பேன்” என்றார்.

மீதமிருந்தவர்களை எங்கே வைத்துப் பார்ப்பது? அந்தக் கவலையை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். குவார்ட்டர்ஸின் சைக்கிள் கொட்டகையைக் கழுவிவிட்டு, தன் வீட்டு நாற்காலியைத் தலையில் தூக்கி வந்து போட்டார். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து விளக்கு வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் ஆட்கள் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்தார்கள். பேக்கிங் செக்‌ஷன்காரர்கள்கூட இப்போது கூப்பிடாமலே வந்தார்கள். வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதே அவர்களை இழுத்து வந்திருக்க வேண்டும்.

கணக்கு தெளிவாக வந்தது. ஒரே கேன்டீன் சாப்பாடு, ஒரே குழாய்த் தண்ணீர். ஆனால் ஆசிட் ரூம் வாய்களில் முன்பற்கள் தேய்ந்திருந்தன, பேக்கிங் செக்‌ஷன் வாய்களில் அப்படி இல்லை. அதிக வருடம் உள்ளே இருந்தவருக்கு அதிகத் தேய்மானம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை போனது. அங்கிருந்து ஒரு சந்தேகம் வந்தது: கூப்பிட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் வந்ததாகப் போட்டிருக்கிறீர்களே, இது எப்படி நடந்தது? ‘குழுவினர் வீடு தேடிச் சென்று அழைத்தனர்’ என்று பேராசிரியை ஒரு வரி சேர்த்தார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னபோது அக்கா, “அவ்வளவுதானா மேடம்? என் முட்டி வலியைப் பத்தி ஒண்ணும் போடலையா?” என்று கேட்டார்.

கட்டுரை வெளிவந்து, தொழிலாளர் துறை ஆட்கள் வந்து பார்த்து, வருடம் ஒன்று ஓடிய பிறகு, ஆசிட் ரூமில் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய்கள் வந்தன. தொட்டிகளுக்கு மூடி வந்தது. தேய்ந்த பற்கள் திரும்ப வளரவில்லை. ஆனால் கம்பெனி செலவில் அவற்றுக்கு உறை போட ஒப்புக்கொண்டார்கள். யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. உறை போட்ட சில நாட்களில் மேஸ்திரி தன் மனைவியோடு கல்லூரிக்கு வந்தார். அக்காவைப் பார்த்ததும் மீசையை ஒதுக்கிப் புதுப் பற்களைக் காட்டினார். அவர் மனைவி சொன்னார்: “ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொல்லிக் குழந்தை மாதிரி நிக்கறாரு. நீங்களும் வாங்க.”

அக்கா போனார். மூவரும் கல்லூரி வாசல் கடையில் நின்று சாப்பிட்டார்கள்.

இப்போது அந்தக் குழு துறைமுகத்தில் இருக்கிறது. வாரக்கணக்கில் கடலிலேயே கிடக்கிற மீன்பிடிப் படகுக்காரர்களின் வாய்நலம் எப்படி என்று பார்க்க வேண்டுமாம். பிடித்து உட்கார வைப்பதற்குள் படகு கிளம்பிவிடுகிறது. போன வாரம் அக்கா பலகையில் கால் வைத்துத் தள்ளாடிக்கொண்டே ஒரு படகுக்குள் ஏறிவிட்டார்.

“இறங்குங்கக்கா, கிளம்பப் போறோம்” என்றான் படகோட்டி.

“கிளம்புங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை” என்று சொல்லிவிட்டு அக்கா வலைக்குவியலின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

படகோட்டி இன்ஜினை அணைத்தான். கரையில் டாக்டர் விளக்கைப் போட்டார்.