பளபளத்த சாணித் தொட்டி

அண்ணி குழாயைத் திறக்கும் முன் அதைத் துடைப்பார். நாற்காலியில் உட்காரும் முன் துடைப்பார், எழுந்த பிறகும் துடைப்பார். அதற்கென்றே தோளில் ஒரு துணி எப்போதும் கிடக்கும். நான் மருமகளாக வந்த அன்று என் கையில் கொடுத்த தம்ளரைத் திரும்ப வாங்கி, ஒரு முறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். அவர் என் கணவரின் அக்கா.

நாங்கள் இருவரும் ஒரே வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறோம். நான் கொட்டகையில் காய்களைக் கழுவிப் பெட்டியில் அடுக்குகிறேன். அண்ணிக்கு, தார் வெட்டிய மரங்களைச் சாய்த்துச் சுமக்கும் வேலை. மூட்டு தேய்ந்துபோய், மேட்டில் ஏறும்போதெல்லாம் வாயை இறுக்கிக்கொள்வார்.

அழுகி வீணாகும் அந்த மரங்களிலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்று முதலாளி கேன்டீனுக்குப் பின்னால் பெரிய தொட்டி கட்டினார். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அண்ணிக்குக் கிடைத்தது. இயந்திரம் அரைத்துத் தரும் வாழைமரக் கூழைச் சின்னத் தொட்டியில் சாணத்தோடு கலக்கி, பெரிய தொட்டிக்குள் விட வேண்டும். பெரும்பாலும் ஸ்டூலில் உட்கார்ந்தே செய்யலாம்.

கொட்டகைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படி ஒரு சுத்தக்காரியைக் கொண்டுபோய் அழுகலுக்குக் காவல் வைத்தால்?

"மூக்கைப் பொத்திக்கிட்டு எத்தனை நாள் தாங்குவே?" என்றாள் பெட்டி ஒட்டுபவள்.

"உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே பழகிட்டேன். இது என்ன?" என்றார் அண்ணி.

கேன்டீன் அடுப்பில் நீலச் சுடர் வந்தது. சமையல்காரர் முதல் டீயை அண்ணிக்குத்தான் கொடுத்தார். பிறகு சுடர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒருநாள் அணைந்தே போனது.

மேலாளர் வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இந்த அறுவடை முடியறதுக்குள்ள அடுப்பு எரியணும். இல்லன்னா இதை மூடிட்டு லாரி நிறுத்த இடமாக்கிடுவேன். நீங்க பழையபடி தோட்டத்துக்குப் போயிடுங்க."

அன்று அண்ணி வீட்டில் ஒன்றையும் துடைக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தொட்டி கட்டிய மெக்கானிக் வந்தார். குழாய், வால்வு எல்லாம் சரியாகவே இருந்தன. கலக்கும் தொட்டியை எட்டிப் பார்த்தவர் விசிலடித்தார். சோறு போட்டுச் சாப்பிடலாம் போல அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அக்கா, இதை எதால கழுவறீங்க?"

"பிளீச்சிங் பவுடர். வேலை முடிஞ்சதும் தினமும் தேய்ச்சுக் கழுவிடுவேன்," என்றார் அண்ணி பெருமையாக.

"கழுவின தண்ணி?"

"வேற எங்க போகும்? பெரிய தொட்டிக்குள்ளதான்."

மெக்கானிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "உள்ள இருக்கற கிருமிங்கதான் கூழைத் தின்னு கேஸ் விடுது. அதுங்களுக்குச் சோத்தையும் போட்டு, கூடவே விஷத்தையும் வெச்சிருக்கீங்களே!"

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. "கிருமி வளர்க்கற வேலைன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சாணித் தொட்டியை ஒருத்தர் பளபளன்னு வெச்சிருப்பாங்கன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

பெரிய தொட்டியைப் பாதி காலி செய்து, புதுச் சாணக் கரைசல் ஊற்றினார்கள். பிளீச்சிங் பவுடர் டப்பாவை அண்ணியே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "ஏய் ஊமைக்கோட்டான், இதை எங்கயாவது ஒளிச்சு வை. நானே கேட்டாலும் தராதே."

மறுநாளே கேட்டார். "ஒரு சிட்டிகை, ஓரத்துக்கு மட்டும்."

காது கேட்காதவள் போலப் பெட்டி அடுக்கினேன். பேசாமல் இருப்பதற்கு என்னை விட்டால் யார்?

அண்ணியின் கை சும்மா இருக்கவில்லை. அந்தத் தொட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துடைத்தார். குழாயை, ஸ்டூலை, மேலாளரின் பைக்கைக்கூட. தன் பைக்கை அடையாளம் தெரியாமல் மேலாளர் ஒருநாள் சாயங்காலம் அதைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

கடைசித் தார்கள் இறங்கிக்கொண்டிருந்த வாரத்தில் மேலாளர் கேன்டீனுக்கு வந்து தீக்குச்சியைக் கிழித்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டோம். அண்ணி மட்டும் சுவரைப் பார்த்து நின்றார். அடுப்பு பக்கென்று பற்றியது.

"எரியுதா?" அண்ணி திரும்பவே இல்லை.

"எரியுது அண்ணி!" என்றேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

அண்ணி திரும்பினார். அடுப்பைக் குனிந்து பார்த்தார். "பர்னரைத் துடைச்சிட்டுப் பத்த வெச்சிருக்கக் கூடாதா?" என்றார் மேலாளரிடம்.

இப்போது கேன்டீன் சமையல் முழுக்க அந்த வாயுவில்தான் நடக்கிறது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து கூழ் கலக்குகிறார். மூட்டு வலி இருக்கிறது, முன்பளவு இல்லை. கலக்கும் தொட்டி அழுக்கேறிக் கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.