ஜெனிக்கு ஆஸ்பத்திரியில் திறந்த வழி

மயிலாப்பூரில் சேர்ந்து செபிக்கும் நம் அன்பியத்துக் குடும்பத்தார் எல்லோருக்கும் என் மகள் ஜெனியைத் தெரியும். இருபது வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. திடீரென்று தொட்டால் தாங்கமாட்டாள், சத்தமும் ஆகாது.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். சோறு இறங்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் அவளால் முடியாது. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்கேன் பார்க்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். ஸ்கேனுக்கு உட்காரும் இடத்தில் ஒரே கூட்டம், மைக்கில் ஓயாமல் டோக்கன் நம்பர். ஜெனி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பயத்தில் அன்பியத்தார் உங்களுக்குத்தான் போன் போட்டேன். ஆட்டோ பிடித்து வந்தீர்கள். வந்தவர்கள் சும்மா இருந்தீர்களா? பாசத்தில் அவளைச் சுற்றி நின்று, தலைமேல் கை வைத்து, உரக்கச் செபித்தீர்கள்! அவள் அலறிய அலறலில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. செபத்தை நடத்திய ஸ்டெல்லா அக்கா கையில் நன்றாகக் கடியும் வாங்கினார். செக்யூரிட்டி நம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

வாசலில் ஜெனியோடு நின்று அழுதேன். "ஆண்டவரே, இங்கே இவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிடும்" என்று கெஞ்சினேன். அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் எங்களைத் தேடி வந்தார்.

"அழாதீங்கம்மா. பொண்ணுக்கு இன்னா ஆகாதுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி பண்ணிக்கலாம்."

எல்லாம் சொன்னேன். பக்கவாசல் வழியாக ஒரு காலி அறைக்குக் கூட்டிப்போனார். முறை வந்ததும் அவரே வந்து மெதுவாகக் கூப்பிட்டார். ஸ்கேன் அறையில் பெரிய விளக்கை அணைத்தார்கள். ஜெல்லை வெதுவெதுப்பாக்கி முதலில் என் கையில் தடவிக் காட்டினார்கள், பிறகு ஜெனியின் விரலில் ஒரு பொட்டு. முகர்ந்து பார்த்தாள். அப்புறம் அவளே சட்டையைத் தூக்கிக் கொடுத்தாள்.

அந்த நேரம் நீங்கள் வெளியே வாய் திறக்காமல் செபமாலை சொன்னீர்களாம். ஸ்டெல்லா அக்காவும்கூட! அதுவே ஒரு அற்புதம்தான்.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். மயக்கம் வரும்வரை என்னைப் பக்கத்திலேயே இருக்க விட்டார்கள். என் பிள்ளை பிழைத்தாள். அப்பாடா! ஈஸ்டர் அன்று பிரியாணிக்கு இரண்டாம் முறையும் தட்டை நீட்டினாள்.

முன்பெல்லாம் அவளை எங்கே கூட்டிப்போனாலும் கூனிக்குறுகி நிற்பேன். இப்போது போனதுமே அவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நம்பிக்கையோடு கேளுங்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், அப்படியே கவுண்டரிலும் கேளுங்கள். செய்து கொடுக்கிற மனிதர்களை அவர் அங்கேயும் வைத்திருக்கிறார்.