வாரேன் என்று சொன்னவள்

என் தங்கை அனுராதாவுக்கு இருபத்து நாலு வயது. புளியங்குடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். காலையில் எட்டு மணி பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு வந்துவிடுவாள். எங்கள் அப்பா சிவராமலிங்கம் கோவில் அலுவலகத்தில் எழுத்தர் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். அவளைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. வெளிநாட்டில் படித்த பிள்ளை என்பது ஒன்று. வெளிநாட்டுக்குப் போய்க் கிறுக்குப் பிடித்து வந்த பிள்ளை என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பேசுகிறவர்கள் என் ஜெராக்ஸ் கடைக்கே வந்து என்னிடமே விசாரிப்பார்கள். நான் கொஞ்சம் கோபக்காரன். அவர்களுடைய ஆதார் நகல் கோணலாகத்தான் வரும்.

அவளுக்குக் கிறுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது கல்லூரியில் அவளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டு வரும்படி போலந்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் மதுரையைத் தாண்டி யாரும் படிக்கப் போனதில்லை. அம்மா கோவில் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்தாள். நான் திருநெல்வேலிக்குப் போய் ஷூ வாங்கிக் கொடுத்தேன். "பனியெல்லாம் தாங்கும் அண்ணாச்சி" என்றான் கடைக்காரன். பனி என்று அவன் நினைத்தது நம் மார்கழிப் பனியை. நான் நினைத்ததும் அதைத்தான்.

அங்கே விடுதியில் அவளுக்கு அறைத் தோழியாக வந்தவள் ஜப்பான்காரப் பெண் சியோரி. அவளும் ஒரு பருவத்துக்கு வந்தவள்தான். படம் வரைவாள், அதிகம் பேச மாட்டாள். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அவரவர் மொழியில் யோசித்து, அதை இங்கிலீஷில் எடுத்து வைப்பார்கள். அதிலேயே சிரித்து, சமைத்து, சண்டை போட்டு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார்கள். வீடியோ காலில் ஒருநாள் அம்மாவைப் பார்த்து அந்தப் பெண் குனிந்து வணங்கியது. அம்மா பதறிப் போய், "நல்லாயிரு மக்கா" என்றாள்.

டிசம்பரில், பல நாடுகளிலிருந்து அப்படி வந்திருந்த மாணவர்கள் பதினொரு பேர் சேர்ந்து மலைக்குச் சுற்றுலா போனார்கள். இரண்டு வேன். வேன் நிற்கிற இடத்திலிருந்து மேலே ஏரிக்குப் பனியில் நடந்து போக வேண்டும். ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது அனுவின் ஷூ நனைந்து கால் மரத்துவிட்டது. சியோரி தன் பையிலிருந்து காய்ந்த காலுறையை எடுத்து மாட்டிவிட்டாளாம். பாதி வழியில் ஒரு மர பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து மலையை வரைய வேண்டும் என்று சியோரிக்கு ஆசை. அனுவால் நிற்க முடியவில்லை. மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். இவள் தோழியின் தோளைத் தொட்டு, "ஐ வில் கம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

நம் வீட்டில் யார் கிளம்பினாலும் அதைத்தானே சொல்கிறோம்? மனசு தமிழில் நினைத்தது, வாய் இங்கிலீஷில் சொன்னது. வாரேன்.

சியோரி தலையாட்டினாள். பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் கிளம்பத் தயாராகிறாள் என்று அனு நினைத்தாள். தான் திரும்பி வந்து உட்காருவதற்கு இடம் விட்டிருக்கிறாள் என்பது அப்போது தோன்றவில்லை.

முதல் வேனில் இருந்தவர்கள் சியோரி இரண்டாவது வேனில் வருகிறாள் என்று நினைத்தார்கள். இரண்டாவது வேன்காரர்கள் முதல் வேனில் போய்விட்டாள் என்றார்கள். அனு முதல் வேனில் ஏறியதும் அசந்து தூங்கிவிட்டாள். விடுதியில் இறங்கித் தலை எண்ணியபோதுதான் பத்துப் பேரே இருப்பது தெரிந்தது. அதற்குள் மலையில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலையில் மீட்புப் படையினர் அந்த பெஞ்சுக்குச் சற்றுக் கீழே அவளைக் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை. இருட்டும்வரை காத்திருந்துவிட்டு, இறங்கும்போது பாதை தவறியிருக்கிறாள்.

அங்கே சிக்னல் இல்லை. அவளுடைய போனில், எழுதி அனுப்பாத ஒரு செய்தி இருந்தது. 'நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். வருகிறாயா?' யாருக்கு அனுப்புவது என்று பெயரைப் போடும் முன்பே விரல் மரத்துவிட்டது போல. போலீஸ் பத்துப் பேரிடமும் காட்டி, யாருக்காகக் காத்திருந்தாள் என்று கேட்டது. தெரியாது என்றார்கள். அனுவுக்கு அந்த நொடியில்தான் தான் சொன்ன சொல் விளங்கியது. அவளும் தெரியாது என்றாள். பயம். இருபத்திரண்டு வயதுப் பெண், கண்காணாத ஊர், எதிரே போலீஸ். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஊருக்கு வந்த ஒரு மாதத்தில் சியோரியின் அம்மாவிடமிருந்து பத்துப் பேருக்கும் மின்னஞ்சல் வந்தது. ஒரே ஒரு கேள்வி. 'என் மகள் யாருக்காகக் காத்திருந்தாள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.' அனு அதை எங்களிடம் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பதில் எழுதப் போகிறேன் என்றாள்.

அப்பா ஒரேயடியாக மறுத்தார். "போலீசே விபத்துன்னு எழுதி மூடிட்டான். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ ஒண்ணும் எழுதாத."

அம்மா, "சொன்னா அவ மக எந்திரிச்சா வரப்போறா? உனக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா?" என்றாள். நானும் அவர்கள் பக்கம்தான் நின்றேன். இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

அவள் எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டை விட்டு இறங்கும்போது 'வாரேன்' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். 'போறேன்' என்பாள். துக்க வீட்டில்கூட யாரும் அப்படிச் சொல்வதில்லை, வாய் திறக்காமல் இறங்கிப் போய்விடுவோம். அம்மா தினமும் காலையில் சண்டை போட்டாள். "ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா போறேங்குதியே, வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

"போறதைப் போறேன்னுதானேம்மா சொல்லணும்" என்பாள் அனு. கிறுக்கு என்ற பேச்சு இதிலிருந்து கிளம்பியதுதான்.

போன டிசம்பரில், சியோரி இறந்து ஒரு வருஷம் ஆன அன்று, அதே மின்னஞ்சல் மறுபடியும் வந்தது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அனு எங்களிடம் அனுமதி கேட்கவில்லை. "அவ அம்மா கேக்காவ அண்ணே. ஒரு வருஷமா ஒருத்தரும் பதில் சொல்லல. பதில் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான்" என்று மட்டும் சொன்னாள். 'எனக்குத் தெரியும், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்' என்று பதில் எழுதினாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் சியோரியின் அம்மா வந்தார். பக்கத்தில் சியோரியின் தங்கை இருந்தாள். அவள்தான் இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள். அப்பா வெளியே போய்விட்டார். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றாள். நான் அனுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அனு ஒன்றையும் விடவில்லை. காலுறையைச் சொன்னாள், பெஞ்சைச் சொன்னாள், பையை எடுத்து இடம் விட்டதைச் சொன்னாள். "எங்கள் ஊரில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம். வருகிறேன் என்போம். அதை அப்படியே சொல்லிவிட்டேன். அவள் எனக்காகத்தான் காத்திருந்தாள். போலீஸிடமும் மறைத்தேன், உங்களிடமும் மறைத்தேன்" என்றாள். அந்தத் தங்கை பாதி மொழிபெயர்க்கும்போதே அழ ஆரம்பித்தாள். அந்தம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. திட்டட்டும், சபிக்கட்டும், ஏதாவது பேசினால் போதும் என்று எனக்கு இருந்தது.

அந்தம்மா மெதுவாகப் பேசினார். தங்கை சொன்னாள்:

"எங்கள் மொழியிலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போய் வருகிறேன் என்றுதான் சொல்வோம். விமான நிலையத்தில் அக்காவும் அம்மாவிடம் அதைத்தான் சொன்னாள். போய் வா என்று அம்மாவும் சொன்னார்."

அனு முகத்தைப் பொத்திக்கொண்டாள். மன்னித்தேன் என்று அந்தம்மா சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை. திரும்பி, பின்னால் அலமாரியில் வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்த ஒரு பெட்டியைக் காட்டி இன்னும் ஏதோ பேசினார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காவின் அஸ்தியை இன்னும் கல்லறையில் வைக்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். வருகிறேன் என்று அவளிடம் சொன்னீர்களே, வாருங்கள் என்கிறார் அம்மா."

சமையல்கட்டு வாசலிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஏலே விஜய்சங்கரு, என்னல சொல்லுதாவ அந்தம்மா?"

"இவளை அங்க வரச் சொல்லுதாவ."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, போனில் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு அனுவின் தலையில் கையை வைத்தாள்.

"சொல்லிட்டுல்லா வந்திருக்கா. போய்த்தான் ஆவணும்" என்றாள்.