ஏழாவது இருதயம்

மில்ரன் இருதயத்தை எடுக்கும்போது மட்டும் கத்தியை மாற்றுவார். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் வங்காலையில் பன்றி வெட்டும்போது ஈரலுக்கும் தொடைக்கும் பெரிய கத்தி, இருதயத்துக்குச் சின்னது. "குழாயைக் கட்டையா அறுத்தா மிஸ்ஸுக்குக் கோவம் வரும்" என்பார். இரண்டு தரம் கழுவி, ஐஸ் போட்ட றெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் வைத்து பஸ் கொண்டக்டரிடம் கொடுப்பார். "மேலை ஒண்டையும் வைக்காதேங்கோ, உள்ளுக்கு இருதயம்" என்று அவர் சத்தமாகச் சொல்வதால் பெட்டிக்குப் பக்கத்து ஆசனம் எப்போதும் வெறுமைதான்.

மிஸ் என்பது கிருஷிகா, பல்கலைக்கழகப் பொறியியலாளர். பன்றி இருதயத்தைப் பம்பில் பூட்டி, உப்புநீர் ஓடவிட்டு, மறுபடி துடிக்க வைக்கும் இயந்திரம் அவருடைய ஆய்வுகூடத்தில் இருக்கிறது. வால்வைப் பிடித்திருக்கும் நார்களை வெட்டி வேண்டுமென்றே ஒழுகவிடுவார்கள். பிறகு அந்த ஒழுக்கை எப்படி நிறுத்துவது என்று பார்ப்பார்கள்.

மில்ரனின் மனைவி செலீனாவுக்கும் அதே வால்வுதான் ஒழுகியது. கிணற்றடிக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கும். சத்திரசிகிச்சை வேண்டும் என்று டொக்டர் சொல்லி ஒரு வருடமாகியிருந்தது. மறுத்தது செலீனா அல்ல. முப்பது வருடமாகப் பன்றி நெஞ்சைப் பிளந்துவரும் மில்ரன்தான், "அவவின்ரை நெஞ்சிலை ஒருத்தரும் கத்தி வைக்கேலாது" என்று நின்றார்.

இதைக் கேள்விப்பட்ட கிருஷிகா இருவரையும் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். முந்தினநாள் தான் வெட்டிய பன்றியின் இருதயம் கண்ணாடிப் பெட்டிக்குள் துடிப்பதைக் கண்டு மில்ரன் சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே விட்டிருந்த கமரா வால்வைத் திரையில் காட்டியது. ஒவ்வொரு துடிப்புக்கும் தண்ணீர் பின்பக்கம் பீறியது. பம்பை நிறுத்தினார்கள். ஓர் இளம் வைத்தியர் வால்வைத் தைத்தார். மறுபடி ஓடவிட்டபோது ஒரு துளியும் திரும்பி வரவில்லை.

"இப்பிடிச் சரிவர எத்தினை தரம் எடுத்தது மிஸ்?"

"இதுதான் ஏழாவது, அண்ணை. முதல் ஆறும் ஒழுகினது."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று கிருஷிகா தயங்கினார். மில்ரனின் முகமோ தெளிந்துவிட்டது. "அப்ப, விடுற பிழையெல்லாத்தையும் என்ரை பண்டியளிலையே விட்டு முடிச்சிட்டினம்."

"பண்டிக்கு ஏழு தரம் செய்யினம். எனக்கு ஒருக்காச் செய்ய இவர் விடுறாரில்லை" என்றார் செலீனா.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கொழும்பில் செலீனாவின் வால்வைத் தைத்தார்கள். நாலு மணித்தியாலம் வெளியே காத்திருந்த மில்ரனைக் கதிரையில் சாய்த்து, தாதி ஒருவர் பிறஷர் பார்க்கவேண்டி வந்தது.

போன ஞாயிறு இருவரையும் பூசைக்குப் போகும் வழியில் கண்டேன். சத்திரசிகிச்சைக்குப் பின் தேறிவரும் செலீனா பாதித் தூரத்தில் இளைப்பாற நின்றார். அவர் மறுபடி நடக்கத் தொடங்கும்வரை, மில்ரன் குனிந்து, அறுந்தே இராத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.