மிளகுக் காலத்துப் பிள்ளைகள்

பச்சைமலையின் மார்கழிப் பனியில் டீசல் வாசனை கலந்து வந்தால், கேரளாவுக்கு ஆள் ஏற்றிப் போக மேஸ்திரியின் வேன் வந்துவிட்டதென்று படுக்கையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். சாமையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் பாதி வருஷத்துக்குத்தான் சோறு போடும். மீதிக்கு மிளகுத் தோட்டங்களை நம்பியிருந்த மலையாளிகள் என்று பெயர்கொண்ட எங்கள் மலைக்குடிகள், பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட, ஊரில் நடக்கமுடியாத கிழடுகளும் நாய்களுமே மிஞ்சும்.

நான் மூன்றாவது படித்த வருஷம், துறையூரிலிருந்து வந்துபோகும் எங்கள் ஒரே டீச்சர், பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிப் போயிருந்தார். ஆனாலும் வேன் வந்ததும் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். மூட்டைகளெல்லாம் ஏற்றி முடிந்த பிறகு, வேனுக்குள் உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"பெரியவங்க போங்க. பிள்ளைங்களை என்கிட்ட விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்க்காமல், ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிவிட ஆரம்பித்தாள். வேன் வளைவில் மறைந்ததும் எல்லோரும் ஒரே குரலில் அழுதோம்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கால்வைக்க இடமிருக்காது. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் சோற்றுக் கையோடு ரோட்டுக்கு ஓடுவோம். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவின் மகன் மணிதான் எல்லோரிலும் சின்னவன். பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்குக் காய்ச்சல் ஏறிய காலையில், அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் துறையூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவை ஊர் என்ன செய்யும் என்பதையே நினைத்துக்கொண்டு, அன்று எங்களோடு தங்கிவிட்ட டீச்சர் சமைத்துப்போட்டதைத் தின்னாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாலை அவனோடு திரும்பி வந்தவள், வாசலிலேயே உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மாசிக் கடைசியில் எல்லோரும் திரும்பினார்கள். ராசாத்தி அக்கா ஓடிவந்து கை நீட்டினாள். மணி அவளை அடையாளம் தெரியாமல் என் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலையைப் பிடித்திருந்த மணியின் விரல்களைப் பிரித்து, அவனை அவள் மடியில் போட்டுவிட்டு, அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இனி அக்கா எங்களோடு பேசமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த மார்கழியில் அவளே வந்து, "இந்த வருஷம் நீங்க போங்கக்கா, பிள்ளைங்களோட நான் இருக்கேன்" என்றாள். அம்மா போனாள். யாராவது ஒருத்தி இருந்து பார்த்துக்கொள்வது அதன்பிறகு ஊர் வழக்கமானது, பள்ளிக்கூடமும் தப்பியது.

அதில் படித்த நான் இன்று ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போகிறேன். மிளகுக்குப் போவோர் குறைந்துவிட்டார்கள். மணியைப் போன்றவர்கள் பிள்ளைகுட்டியோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய் அங்கேயே தங்கிவிட, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. அப்பா இறந்த பின் அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொண்டாலும் அவளுக்கு இரண்டு நாள்கூட இருப்புக்கொள்வதில்லை. போன வாரம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில், ஊருக்குப் போக அவளைத் துறையூர் பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு, "அங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டேன்.

"யாராவது பிள்ளைய விட்டுட்டுப் போகலாம்னு வந்தா, வீடு பூட்டியிருக்கக் கூடாதில்ல" என்றாள்.